கொல்லிமலை இறக்கமும் 155 சிசி ஸ்கூட்டரும்: என்ஜின் பிரேக் இருக்கிறதா, இல்லையா?

மலைப்பாதை_மாறன் (ஈரோடு)
போன வாரம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. என் மடியில் இருந்த தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இலைக்காரர், எதில் வந்தீர்கள் என்று கேட்டார். கொல்லிமலை போய்விட்டு ஸ்கூட்டரில் வருகிறேன் என்றேன். "கியர் இல்லாத வண்டியில் 70 கொண்டை ஊசி வளைவா? ஸ்கூட்டருக்கு என்ஜின் பிரேக்கே கிடையாதே! வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களா, இல்லையா?" என்று பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார். ஆக்ஸிலேட்டரை விட்டதும் என்ஜினே சக்கரத்தை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைப்பதைத்தான் என்ஜின் பிரேக் என்கிறோம். கல்யாண வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடமாட்டேன்.

என்னுடையது 155 சிசி ஸ்கூட்டர். அந்த மலையில் பதினொரு முறை ஏறி இறங்கியிருக்கிறேன். ஸ்கூட்டர் என்றாலே காய்கறி வாங்கப் போகும் வண்டி என்று நினைக்கும் காலம் போய்விட்டது. 2021-இல் இங்கே வந்த யமஹா ஏரோக்ஸ் 155-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் யமஹாவின் ஆர்15 மோட்டார் சைக்கிளிலும் அடிப்படை என்ஜின் ஒன்றுதான். இதில் 15 குதிரைத்திறன், அதில் 18.4. எடை இது 126 கிலோ, அது 142 கிலோ. ஹீரோவும் 2025-இல் ஜூம் 160-ஐ இறக்கியது. இந்த இரண்டு ஸ்கூட்டருக்கும் 14 அங்குலச் சக்கரம். ஏற்றத்தில் கிளட்ச் பிடித்துப் பிடித்துக் கை வலிப்பதில்லை, வளைவின் நடுவில் வண்டி அணைந்துபோவதும் இல்லை. என்ஜின் பிரேக் கிடையாது என்று சொல்கிறவர்கள் ஒருநாளாவது இந்த வண்டிகளை ஓட்டிவிட்டுப் பேச வேண்டும்.

பட்டறை_செல்வம் (நாமக்கல்)
பக்கத்து இலையில் உட்கார்ந்தவன் நான் இல்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

பதினாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போன ஸ்கூட்டர்கள் திங்கட்கிழமை காலை என் வாசலில் நிற்கும். பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூ கண்ணாடி போலப் பளபளக்கும். அது தேய்ந்த பளபளப்பு இல்லை, வெந்த பளபளப்பு. உப்புத்தாள் வைத்து நான்கு இழுப்பு இழுத்தால் எரிந்த வாடை மூக்கில் ஏறும். அதே மலையில் இறங்கி வந்த மோட்டார் சைக்கிளில் இதை நான் பார்ப்பது மிக அரிது. என்ன காரணம்? இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் வண்டியை என்ஜினே பிடித்துக்கொள்கிறது. ஸ்கூட்டரில் பிடிக்க ஆள் இல்லை. ஏறுவதை யாரும் குறை சொல்லவில்லை தம்பி. இறங்குவதைப் பற்றிப் பேசுங்கள்.

மலைப்பாதை_மாறன்
செல்வம் அண்ணா, "ஆள் இல்லை" என்பது தவறு. 35 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் என் வண்டி பின்னால் இழுப்பது உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது. உள்ளே கிளட்ச் பிடித்திருக்கும் வரை என்ஜின் பிரேக் உண்டு.

பட்டறை_செல்வம்
பிடித்திருக்கும் வரை! நானும் அதைத்தான் சொல்கிறேன்.

திறந்து பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். முன்னால் வேரியேட்டர், அதாவது கியருக்குப் பதிலாக விகிதத்தை மாற்றும் கப்பி, உள்ளே ரோலர்கள். என்ஜின் சுற்று கூடினால் ரோலர் வெளியே ஓடி, பெல்ட்டை மேலே தள்ளும். பின்னால் ஒரு கிளட்ச். அதை நம் கை பிடிப்பதில்லை. சுழலும் வேகத்தில் ஷூ விரிந்து, சக்கரத்தோடு இணைந்த மணி வடிவ உறையைப் பிடிக்கிறது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் அந்த ஷூவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நொடியில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் 15 குதிரைகளும் தூங்குகின்றன, வண்டி சைக்கிள் போல உருளுகிறது. கொண்டை ஊசியில் நீங்கள் 35-இல் திரும்புகிறீர்களா? 12-இல், 15-இல் திரும்புகிறீர்கள். எந்த இடத்தில் பிடிமானம் தேவையோ அந்த இடத்தில் அது இல்லை. இருக்கும்போதும் மெல்லியதுதான், ஏனென்றால் விகிதத்தை இறக்க உங்கள் கையில் கியர் இல்லை.

மலைப்பாதை_மாறன்
முதலில் "இல்லை" என்றீர்கள், இப்போது "மெல்லியது" என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

வேகம் குறைந்து கிளட்ச் விட்டுவிட்டால் ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகிவிட வேண்டும். கிளட்ச் மீண்டும் பிடித்துக்கொள்ளும். மலையில் ஸ்கூட்டர் ஓட்டும் எல்லோருக்கும் இது தெரியும். பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பட்டறை_செல்வம்
பட்டறையில் உட்கார்ந்திருப்பவன் கொல்லிமலை மேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தைக்கு மாதம் இருமுறை போகிறவன். மிளகு மூட்டை கட்டிக்கொண்டு இறங்கியவன்.

எதிரே பஸ் திரும்புகிறது, இடப்பக்கம் பள்ளம், பின்னால் மனைவி, தெருவெல்லாம் சரளை. அந்த நேரத்தில் வேகம் குறைய வேண்டும் என்பதற்காக ஆக்ஸிலேட்டரைத் திருகு என்கிறார் இவர். புதிதாக ஓட்டும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

தென்றல்_சுதா (ராசிபுரம்)
இருவரும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பள்ளி ஆசிரியை, பதினைந்து வருடமாக ஸ்கூட்டர்தான். சேலை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, பின்னிருக்கையில் காலைத் தூக்கிப் போட அவரால் ஆகாது. இந்தப் பெரிய ஸ்கூட்டர்கள் எனக்கு உதவும் என்று ஆசையோடு போய்ப் பார்த்தேன். நடுவில் முதுகெலும்பு போல ஒரு திட்டு! பெட்ரோல் டேங்கை அங்கே வைத்திருக்கிறார்கள். கால் வைக்கும் தட்டையான பலகை போய்விட்டது. எரிவாயு சிலிண்டர், அரிசி மூட்டை, பால் கேன் எல்லாம் எங்கே வைப்பது? காலைத் தூக்கித்தான் ஏற வேண்டும் என்றால் அது என்ன ஸ்கூட்டர்? என் பழைய 110 சிசி வண்டி இதைவிட மேல்.

மலைப்பாதை_மாறன்
ஏரோக்ஸில் இருக்கைக்கு அடியில் 24.5 லிட்டர் இடம் இருக்கிறது, சகோதரி. எந்த மோட்டார் சைக்கிளில் இருக்கிறது?

தென்றல்_சுதா
24.5 லிட்டரில் சிலிண்டரை வைத்துக் காட்டுங்கள்.

பட்டறை_செல்வம்
சிலிண்டர் பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் அம்மா. இங்கே உயிர்ப் பிரச்சினை பேசுகிறோம்.

தென்றல்_சுதா
தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் பிரச்சினை. வருடத்துக்கு நான்கு முறை மலைக்குப் போகிறவர்கள் மட்டும்தான் வண்டி வாங்குகிறார்களா? பெண்கள் ஒன்று கேட்டால் உடனே "தனியாக வைத்துக்கொள்ளலாம்". போன முறை டயர் பற்றி நான் கேட்டபோதும் இதையேதான் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

கிள்ளான்_குமரன் (மலேசியா)
நீங்கள் 155 சிசியைப் பெரிய ஸ்கூட்டர் என்று சொல்வதைப் படித்தால் வியப்பாக இருக்கிறது. இங்கே பி2 ஓட்டுநர் உரிமம் 250 சிசி வரைக்கும் செல்லும். அதனால்தான் யமஹா எக்ஸ்மேக்ஸ் 250-ஐத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். கிள்ளானிலிருந்து ஈப்போ வரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் போகிறேன். மழை பெய்தால் முன்பக்கக் கவசம் முழங்காலைக் காக்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கும் ஏறியிருக்கிறேன், இறங்கியும் இருக்கிறேன்.

உலகத்தில் இன்னும் பெரியவை உண்டு. யமஹா டிமேக்ஸ் 2001-இலேயே 499 சிசியோடு வந்தது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் என்ஜின் பின்சக்கரத்தோடு சேர்ந்து ஆடும். டிமேக்ஸில் மோட்டார் சைக்கிள் போலச் சட்டத்திலேயே பொருத்தினார்கள். பள்ளத்தில் விழுந்தால் அந்த வேறுபாடு இடுப்புக்குத் தெரியும். அடுத்த வருடமே சுசுகி பர்க்மன் 650 வந்தது, 638 சிசி. அதில் பொத்தானை அழுத்திக் கியர் போல விகிதத்தை இறக்கலாம், நன்றாக என்ஜின் பிரேக் கிடைக்கும். 2024-இல் இந்தோனேசியாவில் வந்த என்மேக்ஸ் டர்போவில், 155 சிசியிலேயே அந்தப் பொத்தான் வந்துவிட்டது. ஹோண்டா எக்ஸ்ஏடிவி 745 சிசி ஸ்கூட்டரில் இரட்டைக் கிளட்ச்சும் ஆறு கியரும் இருக்கின்றன. எனவே ஸ்கூட்டருக்கு என்ஜின் பிரேக் இல்லை என்பது அறியாமை.

பட்டறை_செல்வம்
குமரன் தம்பி எனக்காகவே வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இருந்திருந்தால் பொத்தான் எதற்கு? இல்லாததால்தானே கம்பெனிக்காரனே பொத்தான் வைத்துக் கொடுக்கிறான்? கொல்லிமலையில் ஓடும் எந்த 155-இல் அந்தப் பொத்தான் இருக்கிறது?

எக்ஸ்ஏடிவிக்குச் செயின் இருக்கிறது, கியர் இருக்கிறது. அது மோட்டார் சைக்கிள்.

கிள்ளான்_குமரன்
இருக்கைக்கு அடியில் தலைக்கவசம் வைக்கும் மோட்டார் சைக்கிளா?

பட்டறை_செல்வம்
சட்டை மாற்றினால் ஆள் மாறிவிடுவதில்லை. செயின் இருந்தால் மோட்டார் சைக்கிள்.

மலைப்பாதை_மாறன்
அப்படியானால் பர்க்மன் 650? அதில் செயினும் இல்லை, கியர்ப்பெட்டியும் இல்லை. என்ஜின் பிரேக் இருக்கிறது. பதில் சொல்லுங்கள். தனக்கு ஒவ்வாததை எல்லாம் மோட்டார் சைக்கிள் பக்கம் தள்ளிவிட்டால் வாதத்தில் யாரும் ஜெயிக்கலாம்.

இரண்டு_ஸ்ட்ரோக்_துரை (சேலம்)
1991 ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். 98 சிசி. கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை எல்லாம் அதில்தான். இந்தப் புது வண்டிகள் எல்லாம் பிளாஸ்டிக். நன்றி.

மலைப்பாதை_மாறன்
துரை ஐயா சரியான நேரத்தில் வந்தார். டூ ஸ்ட்ரோக் வண்டியில் என்ஜின் பிரேக் மிகக் குறைவு என்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்தால் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் குறையும், பிஸ்டனுக்கு ஆகாது. இவர் முப்பது வருடமாக டிரம் பிரேக்கை மட்டும் நம்பி அந்த மலைகளை இறங்கியிருக்கிறார். இவருக்கு மூளை கிடையாதா, செல்வம் அண்ணா?

பட்டறை_செல்வம்
துரை ஐயாவுக்குக் கியர் இருக்கிறது. குறைவாக இருந்தாலும் அவர் கேட்கும்போது கிடைக்கும். உங்களுக்குக் கிடைக்காது. ஆர்எக்ஸ் 100-இன் எடை என்ன, உங்கள் வண்டியின் எடை என்ன? அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டு_ஸ்ட்ரோக்_துரை
என் வண்டியை யாருக்காகவும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். செல்வம், 2019-இல் என் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றச் சொன்னீர்களே, மாற்றிய பிறகு மூன்று மாதம் வண்டி இருமிக்கொண்டே இருந்தது. பழைய ஜெட்டைப் போட்ட பிறகுதான் சரியானது. அதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

பட்டறை_செல்வம்
ஐயா, காற்று வடிகட்டியையும் சுத்தம் செய்யச் சொன்னேன். நீங்கள் செய்யவில்லை.

இரண்டு_ஸ்ட்ரோக்_துரை
செய்தேன்.

பட்டறை_செல்வம்
பொருளுக்கு வருகிறேன். டிஸ்க் பிரேக் இருக்கிறது என்று தைரியம் சொல்கிறவர்களுக்கு ஒன்று. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த எல்லை 155 டிகிரிக்கு வந்துவிடும். மாற்றாமல் மூன்று வருடம் ஓட்டுகிறீர்கள், 70 வளைவிலும் விடாமல் அழுத்திக்கொண்டே வருகிறீர்கள். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் குமிழி. பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது. என்னிடம் வந்த ஒரு பையன் கடைசி வளைவுகளில் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு மலையடிவாரக் காரவள்ளி வரை இறங்கியிருக்கிறான். செருப்பின் குதிகால் பாதி இல்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மலைப்பாதை_மாறன்
ஆயிலை மாற்றாதது அவன் தவறு. அது எப்படி ஸ்கூட்டரின் தவறாகும்? பழைய ஆயிலோடு இறங்கினால் எந்த மோட்டார் சைக்கிளிலும் அதேதான் நடக்கும். நான் விட்டுவிட்டு அழுத்துகிறேன், நாற்பதாவது வளைவுக்கு அருகில் வண்டியை நிறுத்தி டிஸ்க்கை ஆறவிடுகிறேன். ஒருநாளும் லீவர் இளகியதில்லை.

பட்டறை_செல்வம்
ஆறவிடுகிறீர்கள்! மோட்டார் சைக்கிள்காரர்கள் யாரும் அங்கே நிறுத்தி ஆறவிடுவதில்லை. என்ஜின் பிரேக் இருக்கும் வண்டியை எதற்கு ஆறவிட வேண்டும்?

மலைப்பாதை_மாறன்
காட்சி பார்க்கவும்தான் நிறுத்துகிறேன்.

கிள்ளான்_குமரன்
பர்க்மன் 650 பற்றிய கேள்விக்குச் செல்வம் அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.

பட்டறை_செல்வம்
277 கிலோ வண்டி அது. காரவள்ளிக்குக் கொண்டுவாருங்கள், பதில் சொல்கிறேன். இங்கே இருக்கும் வண்டியைப் பற்றிப் பேசுவோம். ஏரோக்ஸ் ஸ்கூட்டருக்கு 5.5 லிட்டர் டேங்க், ஆர்15-க்கு 11 லிட்டர். இங்கே 14 அங்குலச் சக்கரம், அங்கே 17. பள்ளத்தை 17 தாண்டிவிடும், 14 விழுந்து எழும். இது எதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. சுதா அம்மா தினமும் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகட்டும், அதுதான் நல்ல வண்டி. நான் சொல்வது ஒன்றே ஒன்று. இறக்கத்தில், கொண்டை ஊசியில், 15-க்குக் கீழே, என்ஜின் பிரேக் இல்லை.

தென்றல்_சுதா
எனக்கு எது நல்ல வண்டி என்று நீங்கள் சொல்ல வேண்டாம். பலகை எங்கே என்று கேட்டேன், இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மலைப்பாதை_மாறன்
முதலில் "இல்லை". பிறகு "மெல்லியது". இப்போது "15-க்குக் கீழே இல்லை". பந்தியில் அந்த மனிதர் 15-க்குக் கீழே என்றா சொன்னார்? கிடையவே கிடையாது என்றார். நீங்கள் அவர் சொன்னது சரி என்று எழுதினீர்கள். மேலே இருக்கிறது, போய்ப் படித்துப் பாருங்கள்.

பட்டறை_செல்வம்
சரி என்றுதான் எழுதினேன், இப்போதும் சரி என்கிறேன். ஆடிப்பெருக்கு சமயத்தில் மலை மேல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது வாருங்கள். நீங்கள் உங்கள் ஸ்கூட்டர், நான் என் 150 சிசி மோட்டார் சைக்கிள். இரண்டிலும் பின்னால் ஆள். காரவள்ளியில் நிறுத்தியதும் இருவர் டிரம்மிலும் தண்ணீர் தெளிப்போம். எதில் சுர்ரென்று ஆவி வருகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

மலைப்பாதை_மாறன்
விழா நாளில் மலை முழுவதும் பஸ்ஸும் வேனும். ஊர்ந்துதான் இறங்க வேண்டும். 15-க்குக் கீழேயே வைத்துச் சோதிக்கப் பார்க்கிறீர்கள். சாதாரண நாளில் வருகிறேன்.

பட்டறை_செல்வம்
ஊர்ந்து இறங்கும்போது இல்லை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

மலைப்பாதை_மாறன்
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சற்றே திருகினால் பிடிக்கும் என்று இரண்டாவது முறையாக எழுதுகிறேன்.

இரண்டு_ஸ்ட்ரோக்_துரை
காற்று வடிகட்டியை நான் சுத்தம் செய்தேன், செல்வம். பெட்ரோலில் அலசி, வெயிலில் காயவைத்து, ஆயில் தொட்டுப் போட்டேன். என் மகன் பக்கத்தில் இருந்தான்.