அரசு மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: பட்டை போய் ஸ்லீவ் வந்தது ஏன்?

கேள்வி: அக்காவுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 41, சர்க்கரையும் இருக்கிறது. அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேர்த்து ஒன்றரை வருடம். முன்பெல்லாம் இரைப்பையில் பட்டை மாட்டுவார்களாம், இப்போது டாக்டர் ஸ்லீவ் என்கிறார். ஏன்?

பதில் 1: பட்டை நழுவும், அரிக்கும், பலருக்கு மறுபடி அறுவை செய்து எடுக்க வேண்டி வந்தது, அதனால்தான் குறைந்துபோனது. ஸ்லீவில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள், ஒடுங்கிய குழாய்தான் மிஞ்சும். நெஞ்செரிச்சல் இருந்தால் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் அறுவை) பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

பதில் 2: 2022-இல் சர்வதேச சங்கங்கள் அறுவைக்குப் பரிந்துரைக்கும் பி.எம்.ஐ. வரம்பை 35 ஆக்கின, சர்க்கரை இருந்தால் 30. ஆபரேஷன் தியேட்டரும் ஆளும் கூடாமல் வரம்பு மட்டும் இறங்கினால் வரிசை நீளத்தானே செய்யும்.

பதில் 3: நான் செய்து நாலு வருடம். முதல் வாரங்களில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க அரை மணி நேரம், மிடறு மிடறாக. அப்புறம் பி12, இரும்புச்சத்து மாத்திரை ஆயுள் முழுக்க. ரத்தப் பரிசோதனையை யார் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.