பத்து நாள் நின்னா கார் பேட்டரி இறங்கிடுது: மாத்தணுமா, வேற கோளாறா?

ஸ்டெப்னி:
12 வோல்ட், 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி, நாலு வருசம் ஆச்சு. தினம் அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டுற வரைக்கும் பிரச்சனை இல்லை. பத்து நாள் சும்மா நின்னா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். மல்டிமீட்டர் வச்சா 11.6 வோல்ட் காட்டுது. வேற கார் பேட்டரியில இருந்து கேபிள் போட்டு ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் ஆனதும் 14.2. பேட்டரி செத்துப்போச்சா, இல்ல எங்கேயாவது கரண்ட் கசியுதா? நிறுத்தி வைக்கும்போது ரெண்டு நாளுக்கு ஒருமுறை பத்து நிமிசம் நின்ன இடத்துலயே எஞ்சினை ஐடிலிங்ல விட்டா போதுமா?

பத்தாம் நம்பர் ஸ்பானர்:
புது பேட்டரிக்கு அவசரப்படாதீங்க. ஓடும்போது 14.2 வருதுன்னா ஆல்டர்நேட்டர் (எஞ்சின் சுத்தும்போது கரண்ட் எடுக்கிற பாகம்) சார்ஜ் பண்ணுது, 13.8க்கும் 14.5க்கும் நடுவுல இருந்தா சரி.

இப்போ கணக்குப் போடுங்க. பூட்டி நிக்கிற காரே அலாரம், கடிகாரம், சாவி ரிசீவர்னு கொஞ்சம் குடிக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரைக்கும் சகஜம். 50ன்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், பத்து நாளைக்கு 12. நல்லா இருக்கிற, நிறைஞ்ச 45க்கு அது ஒண்ணுமே இல்லை. ஆனா நாலு வருசப் பேட்டரி 30தான் தாங்குது, தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத்துல பாதிதான் நிறையுதுன்னா, 15ல இருந்து 12 போயிடும். அப்புறம் செல்ஃப் எப்படி எடுக்கும்? ஆக கசிவே இல்லாமலும் இது நடக்கலாம். அளந்து பார்க்காம தெரியாது.

முதல்ல சார்ஜர்ல 4 ஆம்பியர்ல ராத்திரி முழுக்கப் போட்டு நிறைச்சிடுங்க. கழட்டின உடனே அளந்தா மேலோட்டமான சார்ஜ் ஏமாத்தும். நாலஞ்சு மணி நேரம் கழிச்சுப் பாருங்க: 12.6ன்னா முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்தான். அப்புறம் ஸ்டார்ட் பண்ணும்போதே மீட்டரைக் கவனிங்க. இதமான வெயில்ல 9.6க்குக் கீழே விழுந்தா பேட்டரி முடிஞ்சது. விழலைன்னா கசிவைத் தேடலாம்.

ஐடிலிங் வேண்டாம். பத்து நிமிசத்துல பேட்டரிக்குள்ள போறது சொற்பம். ஃபேன், லைட்னு போட்டா அதுவும் இல்லை. எண்ணெயும் சைலன்சரும் சூடாகறதுக்குள்ள அணைக்கிறதால உள்ளே ஈரம் தங்கிடும். அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டினாத்தான் பிரயோஜனம்.

மில்லி ஆம்பியர்:
கசிவு அளக்கறது எளிது, ஆனா முக்கால்வாசிப் பேர் தப்பா அளப்பாங்க. பானெட்டைத் திறந்து வச்சிட்டு, கதவைத் திறந்து, கதவு லாட்சை மட்டும் ஸ்க்ரூடிரைவரால அழுத்தி மூடின நிலையில விடுங்க. கார் கதவு சாத்தியிருக்குன்னு நம்பும். சாவியை காரை விட்டு தூரமா வையுங்க. கீலெஸ் கார்னா பக்கத்துல இருந்தாலே முழிச்சுக்கும்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில மாத்தணும். நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி, டெர்மினலுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டரை வையுங்க. முதல்ல ஒண்ணு ரெண்டு ஆம்பியர் காட்டும், பயப்படாதீங்க. காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்க 20 முதல் 40 நிமிசம் ஆகும், அதுக்கப்புறம் வர்ற எண்தான் கணக்கு. நடுவுல இக்னிஷன் போட்டாலோ செல்ஃப் அடிச்சாலோ மீட்டரின் ஃபியூஸ் போயிடும்.

50 மில்லி ஆம்பியரைத் தாண்டிச்சுன்னா ஃபியூஸைப் பிடுங்கித் தேடாதீங்க. பிடுங்கி மாட்டினா தூங்கினது மறுபடி எழுந்துக்கும். ஒவ்வொரு ஃபியூஸ் தலையிலயும் ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்ல வச்சு அந்த ரெண்டையும் தொடுங்க. 0.0ன்னா அதுல கரண்ட் ஓடலை. 10 ஆம்பியர் மினி ஃபியூஸ்ல 1 மில்லி வோல்ட் வந்தாலே 100 மில்லி ஆம்பியருக்கு மேல ஓடுது.

வழக்கமா மாட்டுறவங்க: ஓபிடி சாக்கெட்டுல (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற இடம்) செருகின டிராக்கர், பார்க்கிங் மோடுல விட்ட டேஷ்கேம், டிக்கி லைட், வெளியே மாட்டின ஸ்டீரியோ. ஸ்டீரியோவில மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் சேர்த்து முறுக்கியிருந்தா அது எப்பவும் பவர்ல இருக்கும். சிவப்பு, சாவி போட்டாத்தான் உயிர் வர வேண்டியது. எதுவுமே சிக்கலைன்னா ஆல்டர்நேட்டரோட டயோடு (கரண்ட் திரும்பிப் போகாம தடுக்கிறது) போயிருக்கலாம். ஆல்டர்நேட்டருக்குப் போற தடிமனான வயரைக் கழட்டிவிட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும். கழட்டுறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடணும், அந்த வயர்ல எப்பவும் பவர் உண்டு.

எல்போர்டு:
இவ்வளவு எதுக்கு? நிறுத்தும்போது நெகட்டிவைக் கழட்டி வச்சா வேலை முடிஞ்சதே.

பத்தாம் நம்பர் ஸ்பானர்:
பழைய கார்னா சரி. ஆனா சில ஸ்டீரியோ கோட் கேட்கும், பவர் விண்டோ ஆட்டோ மறந்துடும். எலக்ட்ரிக் டிக்கிக்குள்ளேயே பேட்டரி இருந்து, கழட்டிட்டு மூடினீங்கன்னா கரண்ட் இல்லாம திறக்காது, தொலைஞ்சீங்க. கழட்டணும்னா நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது அது கடைசியில. பாசிட்டிவைக் கழட்டும்போது ஸ்பானர் பாடியில பட்டாலும் அப்போ பொறி வராது. மாசக்கணக்குல நிறுத்தறதா இருந்தா மெயின்டனன்ஸ் சார்ஜரை (மெதுவா நிறைச்சுக்கிட்டே இருக்கிறது) மாட்டி விடறதே நல்லது.

இன்னொண்ணு: ஆல்டர்நேட்டரைச் சோதிக்க வண்டி ஓடும்போதே டெர்மினலைக் கழட்டுற பழைய வித்தையை மட்டும் செய்யாதீங்க. வோல்டேஜ் ஒரே எகிறா எகிறி கம்ப்யூட்டரை எரிச்சிடலாம்.

ஸ்டெப்னி:
டேஷ்கேம் இருக்கு, பார்க்கிங் மோடுலதான் விட்டிருக்கேன். அளந்துட்டு வர்றேன். அதுவரைக்கும் ஜம்ப் பண்றதுல கறுப்பு கேபிளை எங்கே மாட்டணும்? செத்த பேட்டரி நெகட்டிவ்லயா?

மில்லி ஆம்பியர்:
இல்லை. சிவப்பு முதல்ல உங்க பாசிட்டிவ்ல, அப்புறம் நல்ல பேட்டரி பாசிட்டிவ்ல. கறுப்பு நல்ல பேட்டரி நெகட்டிவ்ல. அதோட மறுமுனை உங்க எஞ்சினில பெயிண்ட் இல்லாத இரும்புல, பேட்டரிக்குத் தள்ளி. கடைசியா மாட்டுற இடத்துலதான் பொறி வரும், பேட்டரி மேல ஹைட்ரஜன் நிக்கும். நல்ல பேட்டரி இருக்கிற காரை அஞ்சு நிமிசம் ஓட விட்டுட்டு உங்க கார்ல செல்ஃப் அடிங்க. கழட்டுறது தலைகீழ். டேஷ்கேமில் லோ வோல்டேஜ் கட் ஆஃப் (வோல்டேஜ் இறங்கினா தானா அணையிற வசதி) இருந்தா 12.4ல வையுங்க, அதைவிடக் குறைவா வச்சு விட்டிருக்கலாம்.