மியூனிக்கில் மகள்: வெண்கலப் பானை சூடேறவில்லை, பொங்கல் எப்படி வைப்பது?

மயிலாப்பூர் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் செப்டம்பரில் வேலைக்காக ஜெர்மனி போனாள். அங்கே அவளுக்கு இது முதல் பொங்கல். கிளம்பும்போது என் மாமியார் கொடுத்த சின்ன வெண்கலப் பானையைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். நேற்று ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்று அடுப்பில் ஏற்றினாளாம். இன்டக்‌ஷன் அடுப்பு. பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. "குக்கர்லயே வெச்சிடறேம்மா" என்கிறாள். குக்கரில் சாதம் வேகும், பால் பொங்கி வழியாதே! தெற்கு மாட வீதியில் மஞ்சள் கொத்து வந்து இறங்கிவிட்டது, பார்த்தாலே அவள் நினைப்புதான். பானைக்கு ஏதாவது வழி உண்டா? தெரிந்த பையன் ஒருவன் அடுத்த வாரம் போகிறான், அவனிடம் நெய் கொடுத்து அனுப்பலாமா?

நங்கநல்லூர்க்காரர்:
பானையில் குறை இல்லை அம்மா. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இன்டக்‌ஷனில் சூடாகும். வெண்கலத்தில் ஒட்டாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் அதில் வைக்கலாம்.

வேளச்சேரி அக்கா:
அம்மா, நான் ஆறு வருஷம் அங்கே இருந்துவிட்டு வந்தவள். பானையை விட்டுவிட வேண்டாம். பிளக்கில் சொருகுகிற ஒற்றை ஹாட் பிளேட் கடைகளில் கிடைக்கும், அதில் வெண்கலம் நன்றாகச் சூடாகும். கிழக்கு ஜன்னல் பக்கம் மேசை போட்டு வைக்கச் சொல்லுங்கள். பால் வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம். இன்டக்‌ஷன் மேல் வழிந்தால் பட்டன் நனைந்து அடுப்பே நின்றுவிடும். நானும் முதல் வருஷம் பட்டேன்.

பச்சரிசிக்கு அலைய வேண்டாம். பால் சோறு செய்ய அங்கே எல்லாக் கடையிலும் 'மில்ஷ்ரைஸ்' என்று குட்டையான அரிசி விற்பார்கள், சர்க்கரைப் பொங்கலுக்கு அவ்வளவு குழைவாக வரும். ஒரு கப் அரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு, இரண்டு கப் வெல்லம். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, அரிசி நன்றாகக் குழைந்து அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துபோகும்.

நெய் அனுப்பவே அனுப்பாதீர்கள். பால் பொருள் எதையும் இங்கிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், பாவம், அந்தப் பையன் மாட்டிக்கொள்வான். அங்கே உப்பில்லாத வெண்ணெய் அருமையாக இருக்கும். உருக்கினால் அடியில் பழுப்பாகப் படியும், அப்போது வரும் வாசனை நம் வீட்டு வாசனையேதான்.

வாழை இலை ஆசியக் கடையில் உறைய வைத்துக் கிடைக்கும். கூட்டுக்குப் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் தாராளம். மஞ்சள் கொத்துதான் கிடைக்காது. பச்சை மஞ்சள் கிழங்கு இரண்டு வாங்கி நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினேன், அதுவே நிறைவாக இருந்தது.

மயிலாப்பூர் அம்மா:
அக்கா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். மகளுக்கு அப்படியே அனுப்பினேன், ஹாட் பிளேட் வாங்கிவிட்டாள். அங்கே சூரியன் எட்டு மணிக்குத்தான் உதிக்குமாம், நமக்குப் பன்னிரண்டரை. நாங்கள் காலையிலேயே வைத்துப் படைத்துவிடுவோம். அவள் பானை பொங்குகிற நேரத்துக்கு இங்கேயும் சின்னப் பாத்திரத்தில் ஒரு உழக்குப் பால் ஏற்றப் போகிறேன்.