மோட்டார் அறையில் குட்டி போட்ட பூனை

மாடிவீட்டுக்காரி:
நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்து மோட்டார் அறையில் ஒரு தெருப்பூனை குட்டி போட்டிருக்கிறது. தயிர்சாதத்தை முகர்ந்துகூடப் பார்க்காது. நெத்திலி என்றால் வாலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்கிறார் சங்கச் செயலாளர். என்ன செய்வது?

மீன்வாசம்:
அக்கா, சாக்குப் பேச்சே வேண்டாம். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். செயலாளருக்குச் சொல்லுங்கள். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்யுங்கள். பாலூட்டும்போதே மறுபடி சினைப்படும். குட்டிகளும் 4, 5 மாதத்தில் தயாராகிவிடும், சினைக்காலமோ இரண்டே மாதம். வேளச்சேரியில் இருக்கும் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸில் கேட்டுப் பாருங்கள். கூண்டில் நெத்திலி வைத்துப் பிடித்து, உடனே துணியால் மூடுங்கள். இல்லாவிட்டால் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். காது நுனியைக் கத்தரித்து அனுப்பினால் பதறாதீர்கள், கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம்.

திண்ணைவாசி:
பசும்பால் வைக்காதீர்கள், பேதியாகும். தண்ணீர் போதும். தின்றதும் தட்டை எடுத்துவிட்டால் எறும்பும் வராது, புகாரும் வராது.

மாடிவீட்டுக்காரி:
சரி. இன்று பார்த்தால் செயலாளர் வீட்டம்மாவே மீன்தலை வைக்கிறார்! கூண்டு இரவல் கிடைக்குமா?