ஆந்தை, வயலின், பாம்பு, குதிரை: ஒரே கேடயத்தில் அடங்குமா?

இரவுப்பறவை:
நான் இரவு ஷிஃப்ட் நர்ஸ். எனக்கென்று ஒரு கோட் ஆஃப் ஆர்ம்ஸ், அதாவது கேடய வடிவில் ஒரு மரபுச் சின்னம், வரைந்துகொண்டிருக்கிறேன். நீலக் கேடயம், நடுவில் கறுப்பு ஆந்தை. சுற்றிலும் பாம்பு சுற்றிய கோல், செஸ் குதிரை, வயலின், என் இரண்டு பிள்ளைகளுக்காக இரண்டு நட்சத்திரம். துணிச்சலைக் காட்டச் சிவப்பில் ஓரம் போடலாமா? வேறு எதையாவது விட்டுவிட்டேனா?

தூரிகை:
எதையும் விடவில்லை, அதுதான் சிக்கல்! கேடயங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பாதியை எடுத்துவிடுங்கள்.

சிவப்பு வீரம், நீலம் விசுவாசம் என்கிற பட்டியலெல்லாம் பெரும்பாலும் பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தவை. தூரத்தில் வரும் வீரன் யாரென்று தெரியவேண்டும், அதுதான் கேடயத்தின் வேலை. தங்கமும் வெள்ளியும் உலோகம், வரையும்போது மஞ்சளும் வெள்ளையும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வைப்பதில்லை. ஜெருசலேம் அரசின் வெள்ளிக் கேடயத்துத் தங்கச் சிலுவை பேர்பெற்ற விதிவிலக்கு. நீலத்தில் கறுப்பு ஆந்தை கரைந்தே போய்விடும், வெள்ளியாக்குங்கள்.

எளிமை மதிப்பைக் குறைக்காது. நீலத்தில் சாய்வாக ஒரு தங்கப்பட்டை, அவ்வளவுதான். அது யாருடையது என்று ஸ்க்ரோப், க்ரோவ்னர் என்ற இருவர் இங்கிலாந்தில் 1385 முதல் 1390 வரை வழக்காடினார்கள். கவிஞர் சாசர்கூட வந்து சாட்சி சொன்னார்.

நட்சத்திரங்களும் வேண்டாம். சின்னம் உங்களுடையது, பிள்ளைகளுக்கு அது வழிவழியாகப் போகும். ஆங்கில முறையில் மூத்த மகன் மேலே மூன்று தொங்கல் உள்ள பட்டை சேர்ப்பான், இரண்டாமவன் பிறை. மூன்றாவது பிறந்தால் கேடயத்தை மறுபடி வரைவீர்களா என்ன?

கட்டம்போட்டவன்:
குதிரைக்குப் பதிலாக மேல் மூன்றில் ஒரு பங்கில் வெள்ளி, கறுப்புக் கட்டங்கள் போடலாமே. செஸ் பலகையாகவும் இருக்கும், பழைய மரபும்கூட. வாரென் பிரபுக்களின் கேடயம் முழுக்கத் தங்கமும் நீலமுமான கட்டங்கள்தான். வயலினை விட்டுவிட்டு அதை வாசிக்கும் வில்லை மட்டும் ஆந்தையின் காலில் கொடுங்கள்.

முத்திரை:
எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஸ்காட்லாந்தில் இந்தச் சின்னங்களுக்கான அதிகாரி லார்ட் லயன், அவரிடம் பதியாமல் பயன்படுத்துவது குற்றம். கனடாவில் 1988 முதல் தனி அமைப்பு உண்டு, அங்கே விண்ணப்பிக்கலாம். பல நாடுகளில் தடையில்லை, பிறருடையதை நகலெடுக்காமல் இருந்தால் சரி.

இரவுப்பறவை:
அப்போது நீலத்தில் வெள்ளி ஆந்தை, காலில் தங்க வில், மேலே கட்டங்கள். பாம்பை விட மனசில்லை, ஆனாலும் விடுகிறேன். ஆந்தை எந்தப் பக்கம் பார்க்கவேண்டும்?

தூரிகை:
உடல் பார்ப்பவருக்கு இடப்பக்கம், அதாவது கேடயம் பிடிப்பவரின் வலது. முகம் மட்டும் நேரே நம்மைப் பார்க்கும், ஆந்தைக்கு அப்படித்தான் வழக்கம். வில்லைக் கொஞ்சம் தடிமனாகவே வரையுங்கள், சின்னதாக அச்சிட்டால் குச்சி மாதிரி ஆகிவிடும்.