2015 மே 14, மன்ஹைம்: டொப்மொடல் இறுதிச்சுற்று நிண்டுபோன இரவு நீங்கள் எங்க இருந்தனீங்கள்?

டோர்ட்முண்டிலிருந்து:

போன கிழமை ஒரு கலியாண வீட்டில மச்சாள்மாரோட இருந்து கதைக்கேக்க இந்தக் கதை வந்தது. "ஜேர்மனீஸ் நெக்ஸ்ட் டொப்மொடல்" பத்தாவது சீசனில ஆர் வெண்டது எண்டு கேட்டன். ஒருத்திக்கும் தெரியேல்ல. ஆனால் அந்த இறுதிச்சுற்று நிண்ட நேரம் எந்தக் கதிரையில இருந்தது, என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தது எண்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது.

ஜேர்மனிக்கு வெளியில இருக்கிற ஆக்களுக்காக: 2006இல புரோசீபன் தொலைக்காட்சியில மொடல் ஹைடி க்ளும் தொடங்கின, புது மொடல் பிள்ளையைத் தெரிவுசெய்யிற போட்டி இது. முதல் வருசம் லேனா கெர்க்கே வெண்டவ. அப்ப வியாழன் இரவு எட்டேகாலுக்குத் தொடங்கினால் விளம்பரத்தோட நல்லா இழுபடும். வாரம் வாரம் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "இண்டைக்கு உனக்கு என்னட்டப் படம் இல்லை" எண்டு ஹைடி சொல்லிப் போட்டியை விட்டு அனுப்புவா. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க அந்தக் கதைதான்.

2015 மே 14 லீவு நாள், வியாழன். மன்ஹைம் எஸ்ஏபி அரங்கிலயிருந்து நேரலை. நடுவர் கதிரையில ஹைடி, தோமஸ் ஹாயோ, வொல்ஃப்காங் யோப். கடைசிவரைக்கும் வந்தது வனேசா, அனுதிடா, ஐஷா, கத்தரீனா எண்டு நாலு பிள்ளைகள். ஒன்பது மணி கழிஞ்ச கொஞ்சத்தில விளம்பரத்துக்குப் போனாங்கள். பிறகு வரவே இல்லை. குண்டு வைச்சிருக்குதெண்டு ஒரு பெண்குரல் போனில சொல்லியிருக்குது.

எங்கட வீட்டில அம்மாதான் இந்த நிகழ்ச்சிக்கு முதல் ரசிகை. ஊரில தைச்ச கை. மேடையில பிள்ளைகள் நடக்க, அம்மா அயர்ன் பண்ணிக்கொண்டே கைவெட்டு இழுக்குது, பின்பக்கம் தூக்குது எண்டு சொல்லுவா. யோப் கிழவனை நல்லாப் பிடிக்கும், ஏனெண்டால் அந்தாள் துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் கதைக்கும். ஆனால் பிள்ளைகளின்ர தலைமயிரை வெட்டுற அந்த ஒரு நிகழ்ச்சி வந்தால் அம்மா எழும்பிக் குசினிக்குப் போயிடுவா. "அழுற பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னால இருத்தி வைச்சிருக்கிறாளே" எண்டு அங்கயிருந்து சத்தம் மட்டும் கேக்கும். எனக்கோ இடுப்புக்குக் கீழ பின்னல். பதினெட்டு வயது வரைக்கும் நுனிகூட வெட்ட விடேல்ல. ஹைடி மாதிரி ஒருத்தி வந்து கட்டாயப்படுத்தி வெட்டிவிட மாட்டாளோ எண்டு நான் ஒவ்வொரு வருசமும் ஏங்கினனான். அந்தப் பிள்ளைகள் ஏன் அழுதவை எண்டு எனக்கு விளங்கினதே இல்லை.

அண்டைக்கு விளம்பரம் முடியாமல் இழுபட, ரிவியிலதான் ஏதோ பிழையெண்டு அப்பா ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். மச்சாள் போன் அடிச்சுச் சொல்லித்தான் விசயம் தெரியும்.

அரங்கில இருந்தாக்கள், வீட்டில பார்த்தாக்கள், ஆரெண்டாலும் எழுதுங்கோ.


ஸ்ருட்காட்டிலிருந்து:

நான் உள்ளுக்குள்ள இருந்தனான்.

அப்ப பத்தாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு அண்ணா டிக்கெட் எடுத்துத் தந்தவர், எனக்கும் என்ர சிநேகிதிக்கும். அப்பா கார் ஓடிக் கொண்டுவந்து விட்டவர். அவருக்கும் ஒரு டிக்கெட் எடுப்பமோ எண்டு கேட்டதுக்கு, "உடுப்புப் போட்டு நடக்கிறதைப் பார்க்கக் காசோ?" எண்டுபோட்டுத் தேத்தண்ணிப் போத்தலோட காரிலயே இருந்திட்டார்.

அந்த அரங்கு பெரிசு. ஐஸ் ஹொக்கியும் ஹான்ட்போலும் விளையாடுற இடம். ரிவியில பார்க்கிறதுக்கும் நேரில பார்க்கிறதுக்கும் கன வித்தியாசம். நேரில பிள்ளைகள் சின்னனாத் தெரிவினம், நாங்கள் முக்கால்வாசி நேரம் மேல தொங்கிற திரையைத்தான் பார்த்தனாங்கள். ஆனால் சத்தம் இருக்கே! பெயர் எழுதின மட்டைகளைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு எல்லாரும் கத்துகினம். எங்களுக்குப் பக்கத்தில கார்ல்ஸ்ரூவேயில இருந்து வந்த ஒரு தாயும் மகளும். தாய் தான் கூடக் கத்தினவ.

இடைவேளை வந்தது. பாட்டுப் போட்டாங்கள். நடுவர்மாரின்ர கதிரைகள் வெறுமையா இருந்தது. அதில ஒண்டும் யோசிக்கேல்ல, உடுப்பு மாத்தப் போயிருப்பினம் எண்டு நினைச்சம். பிறகு பாட்டு அளவுக்கு மிஞ்சி நீண்டுது. முதல் முதல் விசயம் தெரிஞ்சது போன் வைச்சிருந்த ஆக்களுக்குத்தான். வீட்டில இருந்து ஆக்கள் எழுதத் தொடங்கீட்டினம், உங்களுக்கு ஒண்டும் இல்லையோ எண்டு. நாங்கள் மேடைக்கு முன்னால இருந்துகொண்டு, என்ன நடக்குது எண்டு ரிவி பார்க்கிறாக்களிட்டக் கேட்டுக்கொண்டிருந்தனாங்கள்.

கடைசியில வெளியேறச் சொல்லி அறிவிச்சாங்கள். நாங்கள் நிண்ட பக்கத்தில தள்ளுமுள்ளு ஒண்டும் இல்லை. குதிச்சப்பாத்தைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு வரிசையா இறங்கினவை. கார்ல்ஸ்ரூவே அன்ரி எங்களுக்குத் தமையன் தகப்பன் ஆரும் வந்திருக்கினமோ எண்டு கேட்டுக் கேட்டு வாசல் மட்டும் எங்களை விடாமல் கூட்டிக்கொண்டு வந்தவ. பேர் கேக்க மறந்துபோனன்.

அப்பா கார் ரேடியோவில கேட்டிருக்கிறார். வாசலடியில, எல்லாரும் வெளியில வர அவர் மட்டும் உள்ளுக்குப் போறதுக்காக ஒரு காவலாளியோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டார். டொச்சில (ஜேர்மன் மொழியில) தொடங்கித் தமிழில முடியிற சண்டை. என்னைக் கண்டதும் கட்டிப் பிடிப்பார் எண்டு பார்த்தன். "குண்டெண்டால் குனிஞ்சு ஓடி வரோணும். நீ என்னடாவெண்டால் நிமிர்ந்து மேடையில நடக்கிற மாதிரி வாறாய்!" எண்டு பேசினார். வன்னியில பங்கருக்குள்ள கிடந்த மனுசன். அவருக்கு ஒரு முறை இருக்குது, நான் அந்த முறையில வரேல்ல.

ஃபோர்ட்சைம் தாண்டுற வரைக்கும் அந்தப் பேச்சுத்தான். சிநேகிதி டொச் பிள்ளை, அவளுக்குப் பாதி விளங்கேல்ல. உன்ர அப்பா என்ன சொல்லுறார் எண்டு கேட்டாள். குனிஞ்சு ஓடப் பழக்குறார் எண்டு சொன்னன்.


மன்ஹைமிலிருந்து, இப்போது கோயம்புத்தூர்:

நான் தமிழ்நாட்டுக்காரன். அப்போது வால்டோர்ஃபில் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தில் வேலை, குடியிருந்தது மன்ஹைம் நகருக்குள். அங்கே தெருவுக்குப் பெயர் கிடையாது, சதுரம் சதுரமாகப் பிரித்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்திருப்பார்கள். ஊரிலிருந்து போன் செய்யும் அப்பா, "என்னடா, வீட்டு அட்ரஸ் கேட்டா பஸ் நம்பர் சொல்ற?" என்பார்.

ஹைடி க்ளும் யாரென்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் டிராமில் ஜிகினா உடையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஏறியதைப் பார்த்து ஏதோ பாட்டுக் கச்சேரி என்று நினைத்தேன். இரவு நண்பர் வீட்டிலிருந்து திரும்பும்போது அதே கூட்டம், ஆனால் பாதிப் பேர் கையில் செருப்பு. பதினான்கு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து போன் கேட்டாள், அவளுடையதில் சார்ஜ் இல்லையாம். கொடுத்தேன். அந்தப் பக்கம் அம்மா கத்துகிறார், இந்தப் பக்கம் பெண் அழுகிறாள். என் ஜெர்மன் அப்போது காய்கறிக் கடைக்கே போதாது. அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் போனுக்கு வரிசையாக நின்றுவிட்டார்கள்.

மறுநாள் முழுக்கத் தெரியாத எண்களிலிருந்து அம்மாக்களின் அழைப்பு, நன்றி சொல்ல. அலுவலகத்தில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.


பிரேமனிலிருந்து:

நல்ல ஞாபகங்கள்தான். ஆனால் நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் கதைக்கப் போறன், கோவிக்க வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில சமூகப் பணியாளர்.

அதே 2015இல, மியூனிக்கில இருக்கிற இளையோர் தொலைக்காட்சி ஆய்வு நிறுவனம் ஒண்டு, உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை எடுக்கிற ஆக்களிட்ட எந்த நிகழ்ச்சிகள் தங்களைப் பாதிச்சது எண்டு விசாரிச்சது. இந்த நிகழ்ச்சியின்ர பெயரைத்தான் கனபேர் சொன்னவை. நிகழ்ச்சியாலதான் வருத்தம் வந்தது எண்டு அது நிரூபிக்காது. அந்த நோய்க்கு வேற காரணங்களும் கன இருக்குது. ஆனால் நான் வேலை செய்த இடத்தில மத்தியானச் சாப்பாட்டு நேரம் அப்பிளைத் துண்டு துண்டா வெட்டி அடுக்கி வைச்சுக்கொண்டு, அதையும் முடிக்காமல் எழும்பின பிள்ளைகளைப் பார்த்திருக்கிறன். வெள்ளிக்கிழமைகளில அது கூட. வியாழன் இரவு என்ன பார்த்தவை எண்டு நான் கேக்கத் தேவையில்லை.

இன்னொண்டு. அந்தக் காலத்தில பதினாறு வயதிலயே போட்டியில சேரலாம். வெல்லுற பிள்ளைக்கு மொடல் ஒப்பந்தம் குடுக்கிற நிறுவனத்தில பொறுப்பா இருந்தது ஹைடியின்ர தகப்பன் குன்ரர் க்ளும். மகள் தெரிவுசெய்ய, தகப்பன் ஒப்பந்தம் போட. எங்கட ஊரில ஒரு சங்கத் தலைவர் இப்பிடிச் செய்தால் பொதுக்கூட்டத்தில கதிரை பறந்திருக்கும்.

நேரலை நிண்ட அண்டைக்கு எனக்குப் பெரிய கவலை ஒண்டும் வரேல்ல, ஒரு வியாழனெண்டாலும் பிள்ளைகள் நேரத்துக்குப் படுக்கட்டும் எண்டு நினைச்சன். ஸ்ருட்காட் தங்கச்சி எழுதினதை வாசிச்சபிறகு, அந்தக் கூட்டத்துக்குள்ள நிண்ட பிள்ளைகளை நினைக்க வயிறு என்னவோ செய்யுது. போன் அடிச்சது ஆரெண்டாலும், குழந்தைப் பிள்ளைகள் நிரம்பின இடத்தைப் பார்த்துத்தான் செய்திருக்குது.


டோர்ட்முண்டிலிருந்து:

பிரேமன் அக்கா சொல்லுறது சரி. அம்மாவும் ஒவ்வொரு வியாழனும் சொல்லுறவ, "இதுகளுக்கு ஒரு பிடி சோறு குடுத்தால் இன்னும் வடிவா நடக்குங்கள்" எண்டு. ஆனால் நிப்பாட்டேல்ல, பார்த்தவதான்.


கேள்னிலிருந்து:

ஆர் வெண்டது எண்டு தெரியாது எண்டு முதல்ல எழுதினது எனக்குத் துக்கமா இருந்தது. வனேசா ஃபுக்ஸ் தான் வெண்டவ. இரண்டாவது அனுதிடா.

எனக்கு ஞாபகம் இருக்கிறதுக்குக் காரணம் இருக்குது. அப்ப நான் பேர்கிஷ் கிளாட்பாகில ஒரு பேக்கரியில வேலை. ஹைடியும் அந்த ஊர், வனேசாவும் அந்த ஊர். சின்ன ஊர் எண்டில்லை, ஆனால் காலமை பாண் வாங்க வாற கிழவிகளுக்கு அது போதும். மார்ச் மாசத்திலயிருந்தே "எங்கட பிள்ளை" எண்டுதான் கதை. மன்ஹைமில பொலிஸ் தேடியும் வெடிபொருள் ஒண்டும் கிடைக்கேல்ல எண்டு செய்தி வந்தாப்பிறகு, அப்ப மிச்சத்தை எப்ப போடுவாங்கள் எண்டுதான் எல்லாரும் கேட்டது.

மே 28 போட்டாங்கள். நியூயோர்க்கில எடுத்து முடிச்சது. மன்ஹைமில இருந்த சனமும் இல்லை, சத்தமும் இல்லை. அந்தப் பிள்ளை பெப்ரவரியிலயிருந்து பாடுபட்டு, கடைசியில பேர் சொல்லேக்க ஆயிரக்கணக்கான ஆக்கள் எழும்பிக் கத்தியிருக்க வேணும். அதுதான் இந்தப் போட்டியின்ர உண்மையான பரிசு எண்டு நான் நினைக்கிறன். முந்தின வருசங்களில வெண்ட கனபேருக்கு அது கிடைச்சது. இவவிட்டயிருந்து ஆரோ ஒருத்தி ஒரு போனில அதைப் பறிச்சுப்போட்டாள். அடுத்த நாள் கடைக்கு வந்த கிழவிகள்கூட "வெண்டிட்டாள்" எண்டுபோட்டு உடன மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கீட்டினம்.

அடுத்த வருசம் இறுதிச்சுற்றை ஸ்பெயினின்ர மயோர்க்காத் தீவில, பல்மாவில வைச்சாங்கள். எங்களுக்குப் போக வசதி இல்லை. 2017இல ஓபர்ஹவுசனுக்கு வந்தது. இந்தமுறை விடுறதில்லை எண்டு நானும் தங்கச்சிமார் இரண்டுபேரும் டிக்கெட் எடுத்தம். பார்த்தால் அதுக்கு மூண்டு நாள் முதல் மன்செஸ்டரில அரங்கு வாசலில குண்டு வெடிச்சுது. அம்மா போகவேண்டாம் எண்டு ஒப்பாரி. அப்பா மட்டும் போகச் சொன்னார்.

வாசலில ஒவ்வொரு பையாத் திறந்து பார்த்தாங்கள். போகவேண்டாம் எண்டு அழுத அதே அம்மா வழியில பசிக்குமெண்டு கட்டித் தந்த மட்டன் ரோல்ஸ் பை நிறைய. சாப்பாடு உள்ளுக்குக் கொண்டுபோக ஏலாது, எறியுங்கோ எண்டான் அந்தத் தம்பி. எறியிறதோ? மூண்டுபேரும் வரிசையை விட்டு விலகி, மினுங்கல் சட்டையோட நிண்ட நிலையில அவ்வளவையும் திண்டு முடிச்சம். அந்தத் தம்பிக்கும் ஒண்டு குடுத்தம். இன்னொண்டு இருக்குதோ எண்டு கேட்டான்.