20 மீட்டரிலிருந்து விழும் பந்து: காற்றுத்தடையை எதுவரை விடலாம்?

ஜாலஹள்ளி டியூஷன்:
11ஆம் வகுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் கணக்கு: 20 மீட்டர் உயரத்திலிருந்து பந்து விழுகிறது, காற்றுத்தடை இல்லை எனக் கொள்க, ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) = 10. விடை 2 விநாடி, 20 மீ/வி. கிரிக்கெட் பந்துக்கும் டேபிள் டென்னிஸ் பந்துக்கும் இதே விடைதானா என்று ஒரு பையன் கேட்கிறான். "கொஞ்சம் மாறும்" என்றால் விடமாட்டான், எண் வேண்டும். எதுவரை காற்றை விடலாம் என்பதற்குக் கைக்கணக்கு ஏதாவது உண்டா? இங்கே பெங்களூரில் ஏழு மாடி அபார்ட்மென்ட் என்றால் மொட்டைமாடி ஏறக்குறைய அதே உயரம். அங்கிருந்து போட்டு ஸ்டாப்வாட்சில் பார்த்தால் வித்தியாசம் தெரியுமா?

ஏரோ_பெங்களூர்:
கைக்கணக்கு உண்டு. முதலில் பந்தின் முற்றுத் திசைவேகத்தைக் கண்டுபிடியுங்கள், அதாவது காற்றுத்தடை எடைக்குச் சமமாகிவிடும் வேகம். அதன் வர்க்கம் = 2 × எடை ÷ (காற்றின் அடர்த்தி × இழுவைக் குணகம் × குறுக்குப் பரப்பு). இழுவைக் குணகம் என்பது வடிவத்தைப் பொறுத்துக் காற்று எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண்; கோளத்துக்கு இந்த வேகங்களில் சுமார் 0.47. அடர்த்திக்குப் பழக்கதோஷத்தில் 1.2 போட்டுவிடாதீர்கள். நம் ஊர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, 25 டிகிரியில் 1.06 கி.கி./க.மீ.தான் வரும். மும்பைக்காரர்கள் 1.16 போடலாம்.

கிரிக்கெட் பந்து 160 கிராம், விட்டம் 7.2 செ.மீ.: முற்றுத் திசைவேகம் 39 மீ/வி. டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம், 4 செ.மீ.: வெறும் 9.2 மீ/வி.

அடுத்து, ஜி × உயரம் ÷ முற்றுத் திசைவேகத்தின் வர்க்கம் என்ற எண்ணைப் போடுங்கள். அதில் பாதி, வேகத்தில் வரும் பிழை. ஆறில் ஒரு பங்கு, நேரத்தில் வரும் பிழை. கிரிக்கெட் பந்துக்கு 20 மீட்டரில் இது 0.127. ஆக வேகத்தில் 6%, நேரத்தில் 2%. காற்றில்லாமல் 19.8 மீ/வி, 2.02 விநாடி, காற்றோடு 18.6 மீ/வி, 2.07 விநாடி.

டேபிள் டென்னிஸ் பந்துக்கு அந்த எண் 2.3. கைக்கணக்கு 0.3க்கு மேல் செல்லாது, முழுச் சமன்பாட்டைத்தான் தீர்க்க வேண்டும். தீர்த்தால் 9.1 மீ/வி, 2.8 விநாடி. புத்தக விடை சொல்லும் வேகத்தில் பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு, அது இடம்பெயர்க்கும் காற்றின் எடையே பந்தின் எடையில் 1.3%. இரும்புக் குண்டுக்கு இந்த மிதப்பு விசையை மறந்துவிடலாம், இதற்கு முடியாது.

நேரத்தில் 1% பிழை போதும் என்றால் கிரிக்கெட் பந்தை 9.5 மீட்டர் வரை காற்றில்லாமல் கணக்கிடலாம். மற்றதை அரை மீட்டர் வரைதான். மேசையிலிருந்து தரைக்கு வருவதற்குள்ளேயே எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஜி = 10 பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூரில் 9.78, டெல்லியில் 9.79. 10 என்று வைத்தால் வேகம் 1% கூடி, நேரம் 1% குறையும். காற்றை விட்டாலும் பிழை அதே பக்கம்தான் போகிறது. ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

லேப்_அசிஸ்டன்ட்:
மேடம், மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். 160 கிராம், 18.6 மீ/வி என்றால் 28 ஜூல், கீழே யார் தலையும் தாங்காது. அதோடு ஸ்டாப்வாட்சில் ஒன்றும் தெரியாது. கை அழுத்துவதில் 0.2 விநாடி முன்பின் ஆகும், நீங்கள் தேடும் வித்தியாசமோ 0.04. மேலே நின்று 'டொப்' சத்தம் கேட்டு அழுத்தினால், சத்தம் மேலே வரவே 0.06 விநாடி. காற்றுத்தடையைவிட அது பெரிது! கடிகாரம் துல்லியமாக இருந்து, இரண்டையும் கணக்கில் எடுக்காவிட்டால் ஜி 8.9 என்று வரும்.

2 மீட்டர் போதும். இரண்டு பந்தையும் ஒரு தட்டையான அட்டை மேல் வைத்து, அட்டையைச் சட்டென்று கீழ்நோக்கி இழுங்கள். அப்போது இரண்டின் அடிப்பாகமும் ஒரே மட்டத்தில் கிளம்பும். கையால் விட்டால் விரலில் ஒட்டிப் பிந்தும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன். கிரிக்கெட் பந்து தரையைத் தொடும்போது மற்றது இன்னும் 13 செ.மீ. மேலே இருக்கும், சுமார் 6 பிரேம் தாமதம். கிரிக்கெட் பந்தில் காற்றின் விளைவு ஒரு பிரேம்கூட வராது. 'காற்றில்லை எனக் கொள்க' என்பதை அந்த உயரத்தில் அதற்குத் தாராளமாகச் சொல்லலாம்.

ஜாலஹள்ளி டியூஷன்:
நன்றி சார், அட்டை யோசனை பிடித்திருக்கிறது. காற்றுத்தடைக்கு ஸ்டோக்ஸ் விதியைப் போடலாமே, பாடத்திலேயே இருக்கிறதே?

ஏரோ_பெங்களூர்:
போடக்கூடாது. ஸ்டோக்ஸ் விதி சொல்வதுபோல் தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்பது ரெனால்ட்ஸ் எண் (வேகம் × விட்டம் × அடர்த்தி ÷ பாகுநிலை) 1க்குக் கீழே மட்டும்: மேகத்துளி, தூசி, கிளிசரினில் விழும் சின்னக் குண்டு. 2 மி.மீ. விட்டமுள்ள மழைத்துளிக்கு ஸ்டோக்ஸ் போட்டால் 120 மீ/வி வரும், உண்மையில் 6.5 மீ/வி. அங்கே ரெனால்ட்ஸ் எண் 800க்கு மேல். பந்துகளுக்கு ஆயிரக்கணக்கில் போகும், அதனால்தான் வேகத்தின் வர்க்கம். '1 கிராம் மழைத்துளி 50 மீ/வி வேகத்தில் தரையைத் தொடுகிறது' என்று ஒரு கணக்கு சுற்றுகிறதே, 1 கிராம் துளிக்கு விட்டம் 12 மி.மீ.; அவ்வளவு பெரிய துளி விழும் வழியிலேயே சிதறிவிடும். வேலை-ஆற்றல் பயிற்சிக்கு அது சரி, மழைக்குச் சரியில்லை.

உயரத்தோடு ஜி குறைவது, பூமி சுழல்வது இரண்டையும் பையன் கேட்டால்: 20 மீட்டருக்கு முதலாவது 0.0006%, இரண்டாவது பந்தைக் கிழக்கே 2 மி.மீ. நகர்த்தும்.

லேப்_அசிஸ்டன்ட்:
பரீட்சையில் மட்டும் வினாத்தாள் தரும் ஜியைத்தான் போட வேண்டும், 9.78 போட்டு மார்க்கை விடக்கூடாது. வினாவில் காற்றைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டால் 'காற்றுத்தடை புறக்கணிக்கப்பட்டது' என்று விடையின் முதல் வரியில் எழுதச் சொல்லுங்கள்.